குதிரைத் தீனியும் கோயில் அச்சும்

ஓட்ஸ் வாஃபிள் என்னும் காலை உணவில் இரண்டு வரலாறுகள் ஒரே தட்டில் வந்து அமர்ந்திருக்கின்றன. ஒன்று ஒரு கருவியின் வரலாறு. அது தேவாலயத்தில் தொடங்குகிறது. மற்றொன்று ஒரு தானியத்தின் வரலாறு. அது களையாகப் பிறந்து குதிரை லாயத்தில் நெடுங்காலம் கழித்தது. மேற்கு ஐரோப்பாவில் இவ்விரண்டும் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரு குடும்பங்களைப் போல இருந்தன. அவற்றைப் பிரித்துவைத்தது எது, பின்னர் சேர்த்துவைத்தது எது என்பதே நாம் இங்கே பார்க்க இருப்பது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ஓட்ஸைக் காடைக்கண்ணி என்று தமிழில் எழுதுவோர் உண்டு. ஆனால் அது நம் சிறுதானியப் பட்டியல்களில் அடிபடும் பழைய பெயர். வேறொரு கதிரின் பெயரை இதற்குத் தூக்கிக் கொடுப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆகவே ஓட்ஸ் என்றே எழுதுகிறோம். வாஃபிள் என்ற சொல்லுக்கும் மாற்றுத் தேடவில்லை. அதன் ஜெர்மானிய வேர் தேனடையையும் நெசவையும் சுட்டும் சொற்களோடு உறவுடையது. பிரெஞ்சுக்காரர்களின் ‘கோஃப்ர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. வாஃபிளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கீல் பூட்டிய இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே மாவை ஊற்றி அழுத்திச் சுடுகிறார்கள். தகட்டின் மேடுகள் பலகாரத்தில் குழிகளாகின்றன. குழிகளில் வெண்ணெயும் பாகும் தேங்குகின்றன.

அந்த இரட்டைத் தகட்டின் முன்னோர், நற்கருணை அப்பம் சுடும் அச்சு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஓஸ்தி என்று சொல்லும் அந்த மெல்லிய வெண்ணிற வட்டத்தை, நீண்ட பிடிகள் கொண்ட, இடுக்கி போன்ற இரும்பு அச்சில்தான் இடைக்கால ஐரோப்பிய மடங்கள் சுட்டன. தகட்டின் உட்புறத்தில் சிலுவையோ கிறிஸ்துவின் உருவமோ செதுக்கப்பட்டிருக்கும். அப்பத்தில் அது புடைத்து எழும். மாவு கோதுமையாகத்தான் இருக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் ‘சும்மா தியோலோஜிக்கா’வில் இதனை ஒரு தனி வினாவாகவே எடுத்து ஆராய்ந்து, கோதுமை அப்பமே இச்சடங்குக்கு உரிய பொருள் என்று முடிவு சொல்கிறார். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதையேதான் விதிக்கிறது. ஆக, இந்த அச்சு பிறந்தபோதே மற்ற தானியங்களுக்கு அதன் கதவு சாத்தப்பட்டிருந்தது.

கோயிலிலிருந்து தெருவுக்கு வர அச்சுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. ஓஸ்தியின் தூய்மை இல்லாத, ஆனால் அதே உருவம் கொண்ட மெல்லப்பங்களுக்குப் பிரான்சில் ‘ஊப்ளி’ என்று பெயர். படைக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 13-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் ஊப்ளி சுடுவோருக்கெனத் தனிக் கைவினைச் சங்கம் இருந்தது. திருநாள்களில் தேவாலய வாசல்களில் அடுப்பை வைத்துச் சுடச்சுட விற்றார்கள். வாங்க நின்றவர்கள் முன்னால் இவர்களுக்குள் சண்டை மூண்டு, ஒருவருக்கொருவர் இத்தனை தூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று அரசு ஆணையிடும் அளவுக்குப் போயிற்று. இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது, இது வீட்டுப் பலகாரம் அன்று என்பதே. இரும்பு விலை உயர்ந்தது. அச்சு செதுக்குவது கொல்லரின் நுண்தொழில். வாஃபிளும் அதன் உறவினர்களும் சங்கத்தாரிடமும் தெருவோரத்திலும் காசு கொடுத்து வாங்கி உண்ணப்பட்டவை.

விதிவிலக்காக, செல்வர் வீடு. 1393-ஐ ஒட்டிப் பாரிசின் வசதியான முதியவர் ஒருவர், தம் பதினைந்து வயது மனைவிக்குக் குடும்ப நிர்வாகம் கற்பிக்க எழுதிய ‘லெ மெனாஜியே த பாரி’ என்ற கையேட்டில் வாஃபிள் செய்முறை இருக்கிறது. முட்டையை அடித்து, உப்பும் திராட்சை மதுவும் சேர்த்து, மாவைத் தூவிக் கரைத்து அச்சில் வார்க்கச் சொல்கிறார். ஒட்டிக்கொண்டால் எண்ணெயில் நனைத்த துணியால் தகட்டைத் துடைத்துக்கொள்ள வேண்டுமாம். சர்க்கரை இல்லை, புளிப்பேற்றும் பொருளும் இல்லை. அந்தச் சிறு பெண் இதைத் தன் கையால் சுட்டாளா, வேலைக்காரியிடம் சுடச் சொன்னாளா என்பதை நூலின் தொனியே சொல்லிவிடுகிறது. ஏவல் செய்யக் கற்றுத்தரும் நூல் அது.

படத்தில் பார்க்க விரும்புவோர் பீட்டர் புரூகல் 1559-இல் தீட்டிய ‘கார்னிவலுக்கும் தவக்காலத்துக்கும் நடக்கும் போர்’ என்ற ஓவியத்தைத் தேடிப் பார்க்கலாம். அது வியன்னாவில் இருக்கிறது. இடது கீழ்மூலையில் ஒரு பெண் நெருப்பில் வாஃபிள் சுடுகிறாள். அருகே சூதாடுபவன் ஒருவன் வாஃபிள்களைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறான். தவக்காலம் தொடங்குமுன் முட்டையையும் வெண்ணெயையும் தீர்த்துவிட வேண்டிய அவசரம் அந்த மூலையெங்கும் தெரிகிறது.

நிற்க. இத்தனையும் கோதுமையின் கதை. ஓட்ஸ் அந்நேரம் எங்கே இருந்தது?

கோதுமை, வாற்கோதுமை வயல்களில் களையாக முளைத்து, அவற்றோடு வடக்கே பயணம் செய்து, அவை தாங்காத குளிரையும் ஈரத்தையும் தாங்கி நின்றதால் தனிப் பயிரானது ஓட்ஸ். ரோமானிய அறிஞர் பிளினி இதனைக் கோதுமைக்கு வரும் நோய்களின் பட்டியலில் சேர்த்தார். வாற்கோதுமை கெட்டுப்போய் ஓட்ஸாக மாறுகிறது என்பது அவர் நம்பிக்கை. ஜெர்மானியர்கள் இதை விதைத்துக் கஞ்சி வைத்து உண்கிறார்கள் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை. நோய் என்ற வகைப்பாட்டுக்கும் உணவு என்ற உண்மைக்கும் இடையே அவர் குழம்பியதாகத் தெரியவில்லை. அடுத்தவன் உண்பதை நோய் என்பதில் பேரரசுகளுக்குக் கூச்சம் இருப்பதில்லை.

14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வில்லியம் லாங்லாந்து இயற்றிய ‘பியர்ஸ் ப்ளௌமன்’ என்ற ஆங்கில நெடுங்கவிதையில் இவ்விரு உணவுகளும் வருகின்றன. ஆனால் ஒரே காட்சியில் அல்ல. பசி ஓர் ஆளாக உருவெடுத்து உழவன் முன் நிற்கும் பகுதியில், கோழி வாங்கக் காசில்லை, இருப்பது கொஞ்சம் பாலாடையும் ஓர் ஓட்ஸ் அடையும் பிள்ளைகளுக்கென்று சுட்ட தவிட்டு ரொட்டியுமே என்று பியர்ஸ் சொல்கிறான். வெகுதூரம் தள்ளி, அழுக்குப் படிந்த மேலங்கியோடு ஹாக்கின் என்றொருவன் வருகிறான். அவன் தொழில் மெல்லப்பம் விற்பது. ஊர் சுற்றி, வாய் சாமர்த்தியத்தில் பிழைப்பவன். பட்டினிக்கு ஓட்ஸ், பொழுதுபோக்குக்கு அச்சப்பம் என்று அக்காலச் சமூகம் வகுத்துவைத்திருந்ததை ஒரு கவிஞன் இப்படிப் பதிந்துவைத்திருக்கிறான்.

ஓட்ஸுக்கும் ஓர் இரும்பு இருந்தது. மூடாத இரும்பு, நம் தோசைக்கல்லுக்கு நெருங்கியது. 1327-இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிரான போரில் ஆங்கிலப் படையோடு சென்ற ழான் லெ பெல் என்பவர் எழுதிவைத்து, பின்னர் ஃப்ருவாசார் தம் வரலாற்று நூலில் எடுத்தாண்ட குறிப்பு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து வீரர்கள் சேணத்துக்கு அடியில் ஒரு தட்டை இரும்புத் தகட்டையும், பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவையும் சுமந்து செல்வார்கள். வண்டியும் வேண்டாம், சமையல் பாத்திரமும் வேண்டாம். நெருப்பில் தகட்டை வைத்து, மாவை நீரில் கரைத்துச் சிறு அடையாகச் சுட்டு வயிற்றை ஆற்றிக்கொண்டு மேலே நடப்பார்கள். அவ்வளவு விரைவாக ஒரு படை நகர்ந்ததன் இரகசியம் இதுதான் என்று வியக்கிறார். சுவையான செய்தி என்னவென்றால், அந்த அடையை விளக்க அவருக்குக் கிடைத்த உவமை ஊப்ளி. அவர் லியேஜ் நகரத்துத் திருச்சபைக்காரர். வாஃபிளுக்கு இன்று உலகெங்கும் பெயர்பெற்ற ஊர் அது. கோயில் அச்சும் குதிரைத் தீனியும் முதன்முதலில் சந்தித்த இடம் அந்த உவமைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

குதிரைத் தீனி என்ற பட்டத்தை நிலைநிறுத்தியவர் சாமுவேல் ஜான்சன். 1755-இல் வெளியான தம் அகராதியில் ஓட்ஸுக்கு அவர் தந்த விளக்கம், இங்கிலாந்தில் குதிரைகளுக்கு இடுவது, ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குவது என்ற பொருள்பட அமைந்தது. அதனால்தான் இங்கிலாந்தின் குதிரைகளும் ஸ்காட்லாந்தின் மனிதர்களும் சிறந்து விளங்குகிறார்கள் என்று ஒரு மறுமொழியும் அந்நாட்டில் வழங்கிவருகிறது. அகராதிக்குப் படியெடுத்து உதவிய ஆறு பேரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதை ஜான்சனின் வரலாற்றை எழுதிய பாஸ்வெல், அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தாம், மறக்காமல் குறித்துவைத்தார்.

இந்தத் தாழ்வு வெறும் ஏளனத்தால் மட்டும் வந்ததன்று. தானியத்தின் இயல்பிலும் காரணம் இருந்தது. கோதுமை மாவில் நீர் ஊற்றிப் பிசைந்தால் குளூட்டன் என்ற பசைப்புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. புளிப்பில் எழும் காற்றை அந்த வலை பிடித்துவைக்க, ரொட்டி உப்புகிறது. ஓட்ஸில் அந்த வலை இல்லை. எவ்வளவு பிசைந்தாலும் அது உப்பிய ரொட்டியாகாது, கஞ்சியாகும், அடையாகும். இன்னொரு குறையும் உண்டு. மற்றத் தானியங்களைவிட இதில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் மணியிலேயே இருக்கிறது. சூடாக்காமல் அரைத்து வைத்தால் சில நாள்களிலேயே கசந்துவிடும். சூளையில் உலர்த்தி அரைக்கும் வழக்கம் வடபுலத்தில் தோன்றியது இதனால்தான். உப்பிய வெள்ளை ரொட்டியை மேன்மையின் அடையாளமாகக் கொண்ட நாகரிகத்தில் இத்தகைய தானியத்துக்கு லாயத்தில்தான் இடம் கிடைக்கும்.

அச்சின் கதைக்குத் திரும்புவோம். அதனை வீட்டுக்குள் கொண்டுவந்த பெருமையில் டச்சுக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மணமக்களின் முதலெழுத்துகளும் திருமண ஆண்டும் பொறித்த அச்சைச் சீராகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஹட்சன் நதிக்கரையில் அவர்கள் நிறுவிய குடியேற்றத்துக்கும் இந்த வழக்கம் போயிற்று. 1664-இல் அது ஆங்கிலேயர் வசமாகி நியூயார்க் ஆனபின்னும் வாஃபிள் போகவில்லை. 1744-இல் அங்கே எழுதப்பட்ட கடிதமொன்றில் வாஃபிள் விருந்துக்குச் சென்றுவந்த செய்தி இருக்கிறது. (அதே டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டார்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, அச்சைத் தோய்த்து எண்ணெயில் இறக்கிச் சுடும் கொக்கிஸின் பெயர் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அங்கே அச்சு மூடுவதில்லை. ஆகவே அது வேறொரு கிளை.)

அமெரிக்காவுக்கு வாஃபிளை அறிமுகப்படுத்தியவர் தாமஸ் ஜெஃபர்சன் என்ற கதை இன்றும் பல நூல்களில் வலம் வருகிறது. அவர் 1788-இல் ஆம்ஸ்டர்டாமில் வாஃபிள் அச்சு வாங்கியது உண்மை. மற்றது, மேற்சொன்ன கடிதத்தின் முன் நிற்காது. பெரிய மனிதர் ஒருவரிடம் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் ஆசை நம்மவருக்கு மட்டும் உரியதன்று. நமக்கு அந்த வீட்டில் ஆர்வமூட்டுபவர் வேறொருவர். அடிமையாகப் பிறந்து, பின்னர் ஜெஃபர்சனின் உடைமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸ், 1784-இல் பாரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பிரெஞ்சுச் சமையலில் தேர்ந்தார். விடுதலை கேட்டபோது, தன் வித்தையை இன்னொருவருக்குக் கற்பித்துவிட்டுப் போகலாம் என்பது நிபந்தனை. தம்பி பீட்டருக்குக் கற்பித்து 1796-இல் விடுதலை பெற்றார். பிடி நீண்ட, கனமான அந்த அச்சுகளைத் திறந்த நெருப்பின்மேல் பிடித்துத் திருப்பியவர்கள் தென்மாநிலங்களில் பெரும்பாலும் இத்தகையவர்களே. அவ்வீடுகளின் சமையற் குறிப்பேடுகளில் ‘வீட்டில் செய்தது’ என்ற சொல் வரும்போதெல்லாம் எவருடைய கை என்று கேட்டுக்கொண்டே படிப்பது நல்லது.

கை மாறியது 19-ஆம் நூற்றாண்டில். 1856-இல் எபன் ஹார்ஸ்ஃபர்டு என்ற வேதியியலார் பாஸ்பேட் உப்பைக் கொண்டு பேக்கிங் பவுடருக்கு வழி செய்தார். முந்தைய இரவே ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேவை நீங்கியது. எழுந்தபின் கரைத்துச் சுடலாம் என்றாயிற்று. காலை உணவாக வாஃபிள் நிலைபெற்றதற்கு எந்தத் தலைவரையும்விட இந்தப் பொடியே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. 1869 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க் மாநிலத்து டிராய் நகரின் கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின்மேல் வளையத்தில் அமர்ந்து எளிதாகத் திரும்பும் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார அச்சு வந்தது. அதற்குப்பின் திருப்பவே வேண்டியதில்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஒஹாயோ மாநிலத்து அக்ரனில், ஓட்ஸின் தலையெழுத்தும் மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபெர்டினாண்டு ஷூமாக்கர் 1856-இல் அங்கே ஓட்ஸ் ஆலை தொடங்கினார். அமெரிக்கர்களுக்கு அது அப்போது குதிரைக்கும் நோயாளிக்கும் உரியது. மருந்துக்கடையில் சிறு அளவில் வாங்குவது. உள்நாட்டுப் போரில் படைக்கு விற்றதில் அவர் தொழில் பெருகியது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆலைகள் மணியை உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு இடையே நசுக்கி அவலாக்கக் கற்றன. அவல் என்ற சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆவி அந்த நொதியை முடக்கியது, கசப்பு நின்றது. நசுக்கல் வேகும் நேரத்தைக் குறைத்தது. 1877-இல் குவேக்கர் உடையணிந்த ஒரு மனிதரின் படம் ஓட்ஸ் வணிகச் சின்னமாகப் பதிவாயிற்று. குவேக்கர் சமயத்தாருக்கும் அந்த ஆலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நேர்மையானவர்கள் என்ற அவர்கள் பெயர் மட்டும் தேவைப்பட்டது. 1881-இல் அந்த ஆலையை வாங்கிய ஹென்றி குரோவல், பீப்பாயில் அள்ளி விற்ற பண்டத்தைப் பெட்டியில் அடைத்தார்; பெட்டியின்மேல் செய்முறை அச்சிட்டார். 1886-இல் ஷூமாக்கரின் பேராலை காப்பீடு இல்லாத நிலையில் எரிந்துபோனது. 1901-இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் என்ற பெயர் நிலைத்தது.

பெட்டிமேல் அச்சிட்ட செய்முறை சிறு விஷயமாகத் தோன்றலாம். தாயிடமோ எசமானியிடமோ கேட்டு வந்த சமையல், ஆலையிடம் கேட்டு வரத் தொடங்கியது அங்கேதான். ஓட்ஸ் கஞ்சியைவிட்டு வெளியேறிப் பிஸ்கட்டுக்கும் அப்பத்துக்கும் நுழைந்ததும் அந்த வழியில்தான். முதல் உலகப் போர் இதை விரைவுபடுத்தியது. 1917, 1918 ஆண்டுகளில் ஹெர்பர்ட் ஹூவரின் தலைமையில் இயங்கிய அமெரிக்க உணவு நிர்வாகம், நேச நாட்டுப் படைகளுக்கு அனுப்பக் கோதுமையை மிச்சப்படுத்த வேண்டி, வாரத்தில் கோதுமை இல்லா நாள்களைக் கடைப்பிடிக்கச் சொன்னது. சோளம், ஓட்ஸ், ரை மாவுகளை மிகுதியாக உண்ணுங்கள் என்று சுவரெல்லாம் ஒட்டியது. அக்குவினாஸ் ஒதுக்கிவைத்த தானியங்களை அரசு ஒன்று தேசப்பற்றின் பெயரால் மேசைக்கு அழைத்தது. உழைக்கும் வீடுகளில் அவை ஏற்கெனவே இருந்தன என்பது வேறு விஷயம்.

அதன்பின் நடந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. 1953-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபிராங்க் டோர்சாவும் உடன்பிறந்தாரும் உறைந்த வாஃபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். 1955 முதல் அதன் பெயர் எக்கோ. நூற்றாண்டுகள் கழித்து வீட்டுக்கு வந்த அச்சு, இரண்டு தலைமுறைகூட முழுதாகத் தங்கவில்லை. பலகாரம் மறுபடியும் காசு கொடுத்து வாங்குவதாயிற்று. 1997 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ப்பொருள் இதய நோய்க்கான வாய்ப்பைக் குறைக்க உதவலாம் என்று பொட்டலத்தில் எழுத அனுமதித்தது. நாளொன்றுக்கு 3 கிராம் என்பது கணக்கு. ஒரு தனி உணவுப்பொருளின் பெயரால் அங்கே அளிக்கப்பட்ட முதல் அனுமதி அது. ஜான்சனின் குதிரைத் தீனிக்கு மருத்துவச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. இன்று வெள்ளை மாவு தாழ்ந்தும் ஓட்ஸ் உயர்ந்தும் நிற்கின்றன. தட்டு தலைகீழானதைக் கண்டு நாம் மகிழவில்லை. ஏழையின் அடை விலை ஏறும்போது அதை ஏழை வாங்குவதில்லை.

ஆயினும் ஓட்ஸும் வாஃபிள் அச்சும் சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அது அடுப்படியில்தான் விளங்கும். இரண்டு கோப்பை ஓட்ஸ் அவலை மிக்சியில் இட்டு மாவாக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை. இன்னொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை, ஒன்றேகால் கோப்பை பால், உருக்கிய வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. கலந்தபின் பத்து நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடம் முக்கியமானது. முதலில் நீர்க்க இருக்கும் மாவு தானாகவே கெட்டிப்படும். மருத்துவர்கள் புகழும் அந்த நார்ப்பொருள்தான் நீரைக் குடித்துக் கூழாகிறது. கோதுமை மாவை அதிகம் கலக்கினால் வாஃபிள் ரப்பர்போல் இழுபடும் என்று அஞ்ச வேண்டும். இதில் அந்த அச்சம் இல்லை. இழுபடப் பசை இருந்தால்தானே.

பசை இல்லாத மாவு எப்படி எழும்பி நிற்கிறது? அச்சு பிடித்துக்கொள்கிறது. மேலும் கீழும் சூடேறிய இரும்பு மாவை நான்கு புறமும் அணைத்திருக்க, மாவுச்சத்து வெந்து இறுகும்வரை அது சரிய இடமில்லை. கோதுமைக்கு உள்ளிருந்து குளூட்டன் செய்யும் வேலையை ஓட்ஸுக்கு வெளியிலிருந்து இரும்பு செய்து முடிக்கிறது. ரொட்டி அடுப்பில் தோற்ற தானியத்துக்கு இந்த மூடிய தகடு இயல்பாகவே பொருந்துகிறது. ஒரு தானியத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க நினைக்கவில்லை.

அச்சு நன்றாகக் காய்ந்தபின் மாவை ஊற்ற வேண்டும். பக்கங்களிலிருந்து ஆவி சீறும். அது அடங்கும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் மேல்பாதி ஒரு தகட்டோடும் கீழ்பாதி மற்றொன்றோடும் போய்விடும். ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஒட்டினால் பாரிசு முதியவரின் எண்ணெய்த் துணி இருக்கவே இருக்கிறது. எடுத்ததைத் தட்டில் அடுக்காமல் கம்பி வலைமேல் வைத்தால் அடிப்புறம் வியர்த்து நமநமத்துப் போகாது. மீந்தவற்றை உறைபெட்டியில் வைத்து, மறுநாள் டோஸ்டரில் சூடாக்கிக்கொள்ளலாம். ஓட்ஸ் வாஃபிள் அதைக் கோதுமை வாஃபிளைவிட நன்றாகவே தாங்குகிறது.